அத்தாவின் பெயரில் ஒரு கணக்கு

எங்கள் அத்தா 1961ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குச் சபர் போனவர்கள். பதினோராண்டுக் காலம் ஊர்க்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் நின்றார்கள். இடுப்பில் கட்டிய அகலமான பச்சை வார்தான் அவர்களுக்கு வங்கி. வாரில் அடங்காத பணத்தைக் கடை முதலாளியிடமே கொடுத்து வைத்தார்கள். சபுராளிகளிடையே அந்நாளில் அதுவே வழக்கம். முதலாளி நேர்மையானவர். ஆனால், அவர் திடீரென மௌத்தானபோது அத்தாவின் பணத்துக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. “எங்களுக்கு ஒன்றும் தெரியாதே” என்றனர் பிள்ளைகள். அது பொய்யுமன்று. வெறுங்கையோடு ஊர் திரும்பிய அத்தா எவரையும் குறை கூறவில்லை. “எழுதி வாங்காதது என் பிழை” என்பார்கள், அவ்வளவுதான்.

ஐம்பதாண்டுகள் கழித்து, 2011இல் நான் துபாய்க்குப் போனேன். ஊதியத்தை வங்கி, நாணய மாற்று நிலையம் ஆகியவற்றின் வழியாகவே தர வேண்டும் என்ற விதி அங்கு 2009இலேயே வந்துவிட்டது. எனவே, சம்பளம் ஓர் அட்டையில் வந்தது. நானோ, வந்த அன்றே அதை முழுவதும் எடுத்து, வீட்டுக்கு அனுப்பியது போக எஞ்சியதை டேராவில் கடை வைத்திருந்த ஊர் நண்பரிடம் கொடுத்து வைத்தேன். எட்டுப் பேர் தங்கும் அறையில் பணம் வைக்க இடமேது?

ஒருநாள் தொலைபேசியில் அத்தா கேட்டார்கள்: “தம்பி, மிச்சப் பணத்தை எங்கே வைத்திருக்கிறாய்?” சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “எழுதி வாங்கினாயா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் கட்டளையிடுவதைச் சிறுவயதிலேயே ஓதியவன்தானே நான்!

அயலார் அந்நாட்டில் கணக்குத் தொடங்கக் கடவுச்சீட்டு, அதில் ஒட்டிய குடியிருப்பு விசா, அமீரக அடையாள அட்டை, முதலாளி தரும் சம்பளச் சான்றிதழ் ஆகியவை வேண்டியிருந்தன. (2022 முதல் விசா ஒட்டும் முறை நீங்கி, அடையாள அட்டையே அதற்கும் சான்றாகிவிட்டது.) என் கடவுச்சீட்டோ நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தது. என்னுடைய பொருளை நானே இரண்டு வாரம் கெஞ்சிப் பெற வேண்டியிருந்தது.

வங்கியில் கேரளத்துப் பெண்மணி ஒருவர் படிவத்தை நிரப்பினார். சேமிப்பா, நடப்பா என்றார். வட்டி வராத நடப்புக் கணக்கே போதும் என்றேன். காசோலைப் புத்தகம் தரும்போது, பணமின்றிக் காசோலை திரும்பினால் சிறைவரை போகும் என்று எச்சரித்தார். அன்றைய சட்டம் அப்படி. 2022 ஜனவரியில்தான் அது பெருமளவு தளர்ந்தது. தமிழில் கையொப்பமிடலாமா என்று தயங்கினேன். “கடவுச்சீட்டில் உள்ளபடி இருந்தால் போதும்” என்றார்.

பிறகு அவர் உள்ளே சென்று திரும்பி, ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார். அது என் அத்தாவின் பெயர்! நான் திடுக்கிட்டு வாயிலைப் பார்த்தேன். கடவுச்சீட்டு எடுக்கையில் என் முன்னெழுத்தை விரித்து, அத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தார்கள். அந்த வங்கியில் அவர்கள் பெயரே என் பெயராயிற்று.

நண்பர் தம் குறிப்பேட்டைப் பார்த்து ஒரு திர்ஹமும் குறையாமல் திருப்பித் தந்தார். அவர் எழுதி வைத்திருந்தார், நான்தான் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

விடுமுறையில் ஊர் வந்தபோது இன்னொன்றும் அறிந்தேன். வெளிநாட்டில் வேலை செய்வோர் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அயல்நாட்டு ஊதியத்தை என்.ஆர்.இ. கணக்கில் இட்டால், தேவையானபோது தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்பவும் கொண்டு செல்லலாம். கணக்கர் இறந்தால் துபாய் வங்கி கணக்கை முடக்கி, நீதிமன்ற ஆணை வந்த பின்னரே வாரிசுகளுக்குப் பணம் தரும். ஆதலால் கணக்கு எண், வங்கிக் கிளை, கடன் விவரம் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி என் மனைவியிடம் கொடுத்தேன். அத்தா அதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார்கள்.

அவர்கள் 2015இல் மறைந்தார்கள். ஜனாஸாவுக்கு என்னால் வந்துசேர இயலவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் வேலை முடிந்து, கணக்கை மூடச் சென்றேன். கடைசிப் படிவத்தில் கையொப்பம் வாங்கிய இளைஞர், அத்தாவின் பெயரைச் சொல்லி எனக்கு நன்றி கூறினார். நான் திருத்தவில்லை.