எம்.ஆர்.பி.யும் எடைக்கல்லும்

பௌர்ணமி ராத்திரின்னா எங்க திருவண்ணாமலையில் தூக்கமே கிடையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கிறவர்களுக்குத் தாகம் எடுக்காதா? அந்தப் பாதையில்தான் அப்பாவின் பெட்டிக்கடை. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் எங்கள் வீட்டு வருமானத்தில் பாதி, அண்ணாமலையாரைப் பார்க்க வருகிறவர்கள் தருவதுதான்.

அந்த முறை செமஸ்டர் ஃபீஸ் கட்ட 3 நாள்தான் பாக்கி. "20 ரூபா தண்ணி பாட்டிலை 30க்கு விக்கலாம்பா. அக்கம்பக்கத்துல அப்படித்தானே விக்கிறாங்க" என்றேன். அப்பா பைபிளில் நீதிமொழிகள் 11-ஐ எடுத்துக் காட்டினார். முதல் வசனமே கள்ளத்தராசைப் பற்றித்தான். (மொத்தம் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்றாகப் படிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பாதி நாள் நான் தூங்கிவிடுவேன்.)

"இங்க தராசே இல்லையேப்பா!"

"பாட்டில்ல அச்சடிச்சிருக்கிற விலைதான்டா எடைக்கல்லு."

சண்டை போட்டேன். ஃபீஸை லேட்டாக, ஃபைனோடுதான் கட்டினோம். கோபம் பல நாள் இருந்தது.

அடுத்த வாரம் ஃபிசிக்ஸ் லேப். எடுத்த ரீடிங்குக்கு கிராஃப் நேர்கோடாக வரவில்லை. வழக்கம்போல ஆன்சரிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங் எழுத பென்சிலை எடுத்தேன். அந்த எடைக்கல் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அளந்ததையே எழுதினேன். மேடம் சிவப்பு மையில் 'ரிப்பீட்' போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மறுபடி லேப். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.