இளந்தீயில் ஓர் இனிப்பு

அரபியர் 'மிஷ்மிஷ்' என்று வழங்கும் கனி ஒன்றுண்டு. உருது பேசுவோர் அதனைக் 'கூபானி' என்பர். நம் ஊர் உலர்பழக் கடைகளில் 'ஆப்ரிகாட்' என்று கேட்டால் எடுத்துத் தருவர். இந்த ஆங்கிலப் பெயரின் வரலாறு சுவையானது. 'முந்திக் கனிவது' என்னும் பொருள்பட்ட இலத்தீன் சொல்லொன்று கிரேக்கத்தின் வழியே அரபியில் நுழைந்து 'பர்கூக்' ஆயிற்று. 'அல்' சேர்ந்து 'அல்பர்கூக்' என ஸ்பெயின் நாட்டை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளில் பரவிற்று. விரைவினால் பெயர் பெற்ற இக்கனி, சமைக்கப் புகுந்தால் மட்டும் விரைவை அறவே ஏற்பதில்லை.

ஹைதராபாத் திருமண விருந்துகளின் முடிவில் பாலேட்டுடன் பரிமாறப்படும் 'கூபானி கா மீட்டா' இக்கனியால் ஆனதே. அதனை நோன்பு மாதத்தில் நம் இல்லத்திலும் செய்கிறோம். அடுப்பில் அன்று, 'ஸ்லோ குக்கர்' என்னும் மின்கலத்தில்.

முறை எளிது. 250 கிராம் உலர்ந்த பழத்தைக் கழுவி இரவில் நீரில் ஊறவைத்தால், ஸஹருக்கு எழும்போது பருத்திருக்கும். கொட்டையை நீக்கி, ளுஹர் தொழுகைக்குப் பின், ஊறிய நீரோடு கலத்தில் இட்டு மூடிக் குறைந்த வெப்பத்தில் வைத்துவிடலாம். கனிகள் மூழ்கும் அளவு நீர் போதும். அடுப்பில் போல் இதில் நீர் ஆவியாகிப் போவதில்லை. மூடியில் படிந்து, துளித்துளியாக மீண்டும் உள்ளேயே விழும். மூடியை அடிக்கடி திறந்து பார்த்தல் ஆகாது. திறக்குந்தோறும் வெப்பம் வெளியேறி நேரம் நீளும். மூன்று, நான்கு மணி நேரத்தில் கனி குழையும். அதன் பின்னரே 100 கிராம் சர்க்கரை இடவேண்டும். முன்னரே இட்டால் பழம் இறுகி நின்றுவிடும். பிறகு அரை மணி நேரம் மூடியை விலக்கி வைத்தால் பாகு சற்றே தடிக்கும். இறுதியில் சில துளி எலுமிச்சைச் சாறு.

கொட்டையை உடைத்தால் வாதுமை போன்ற பருப்பு கிடைக்கும். ஹைதராபாத்தில் அதனை மேலே தூவுவதுண்டு. ஆயினும் கசக்கும் பருப்பில், உடலுக்குள் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் இருப்பதால், நாம் வாதுமைப் பருப்பையே தூவுகிறோம்.

இக்கலம் தோன்றிய வரலாறும் வணக்கத்தோடு தொடர்புடையது. யூதர்கள் ஸப்பத் நாளில் தீ மூட்டமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன், இறைச்சியும் பயறும் இட்ட பானையை ரொட்டி சுடுவோரின் அடுப்பில் வைத்து, இரவெல்லாம் தணிந்த சூட்டில் வேகவிட்டு மறுநாள் உண்பர். லித்துவேனியாவில் அவ்வாறு சமைத்ததைத் தம் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நாக்ஸன் என்னும் அமெரிக்கர், அதே இளஞ்சூட்டை மின்சாரத்தால் தரும் கலம் ஒன்றை அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் 'கிராக் பாட்' என்னும் பெயரில் அது இல்லங்களுக்குள் புகுந்தது. வணக்க நாளில் அடுப்பிலிருந்து விடுபட வேண்டும் என்பதே அதன் மூலம்.

நம் இல்லங்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நோன்புப் பொழுது யாருடையது? ஆண்கள் பள்ளிவாசலில் அமர்ந்து குர்ஆன் ஓதுகின்றனர். பெண்களோ நோன்பு நோற்ற வாயுடன், வடையும் சமூசாவும் பொரியும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கின்றனர். நோன்பாளியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்னும் நபிமொழியை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் சொல்கிறோம். கரண்டி பிடித்த கை, அவ்வேளையில் துஆவுக்கு எவ்வாறு ஏந்தும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவியவருக்கு, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்னும் கருத்துப்பட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை பகர்ந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. எனவே கழுவுவதும் ஊறவைப்பதும் கொட்டை நீக்குவதும் நம் பங்கு. அதற்கு ஆசிரியனின் கல்வி ஒரு தடையன்று. பாடம் நடத்தும் பொறுமை உண்டாயின் அதுவே போதும்.

பேரீத்தம்பழத்தாலும் நீராலும் நோன்பு திறந்து, தொழுது, அதன் பின்னர் இக்கனியை உண்கிறோம். பொரிப்பன குறைந்து இவ்வினிப்பு வந்த பிறகு, நம் இல்லத்தார் பாங்கு ஒலிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னரே தொழுகைப் பாயில் அமர்ந்துவிடுகின்றனர். கையேந்தி என்ன கேட்கின்றார் என்று நாம் வினவுவதில்லை. அந்தக் கால் மணி நேரம் அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் உரியது.