வைக்கோலும் காகிதமும்

ஊர்ப்பெயர்கள் எளிதில் அழியாத சான்றுகள். காடு திருத்திய சேனையெல்லாம் கடைத்தெருவாய் மாறிய பின்னும் சேனையென்னும் பெயர் நிலைத்திருக்கின்றது. வாழைச்சேனைக்கு அருகே காகிதநகர் என்றோர் ஊர்ப்பெயர் வழங்குகின்றது. காகிதம் செய்த பேராலை ஈன்ற பெயர் அது. ஆலையின் பழைய ஆரவாரம் அடங்கிவிட்டது, பெயர் அடங்கவில்லை.

மேலைநாட்டார் இலையுதிர்காலத்திற் பழைய ஆலையூர்களை நாடிச் சென்று படம்பிடித்து வருதலை ஓர் இன்பமாகக் கொள்வர். நமக்கு இலையுதிர்காலம் இல்லை, கூதிர் உண்டு. கச்சான் ஓய்ந்து வாடை எழுமுன் வானம் மெல்ல முகிலுறும் அந்நாட்களில் காலை வெயிலின் கடுமை தணியும். சென்ற ஐப்பசியின் தொடக்கத்தில், நிழற்படக்கலையில் நாட்டமுள்ள சக ஆசிரியர் இருவருடன், கல்முனையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வாழைச்சேனைக்குச் சென்றேன்.

1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராய் இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் காலத்தில் தோன்றிய தொழில் முயற்சிகளுள் இவ்வாலையும் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்தும் பரந்தன் இரசாயனமும் இதன் உடன்பிறப்புக்கள். காகிதத்துக்கு இங்கே கொண்ட மூலப்பொருள் மரமன்று. வைக்கோலும் இலுக்குப் புல்லும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நம் பகுதியில் நெல்வயல் பெருகிய காலமும் அதுவே. வைக்கோலை நறுக்கி, எரிசோடாவுடன் நீராவியில் வேகவைத்து, கழுவி, வெளுத்துக் கூழாக்குவர். அக்கூழ் கம்பிவலைமேற் பரந்து, நீர் வடிந்து, சூடேறிய உருளைகளிற் காய்ந்து தாளாகும். மாடு தின்று எஞ்சியது மாணவன் எழுதும் கொப்பியாயிற்று.

நண்பர்கள் துருவேறிய தகடுகளையும், சுவர்ப்பிளவில் வேர்விட்ட ஆலங்கன்றையும், கதவிழந்த விடுதிகளையும் படம்பிடித்தனர். 2021 இல் ஆலையின் ஒரு பகுதியை மீண்டும் இயக்கினர் எனினும், முன்னாளிற் பல்லாயிரம் வயல்களின் வைக்கோலை வாங்கி உண்ட அப்பேருருவம் இன்னும் எழவில்லை.

வாயிலருகே தேநீர்க்கடையில் ஆலையின் முன்னாள் தொழிலாளி ஒருவரைக் கண்டோம். என் கையிலிருந்த தாளொன்றை வாங்கினார். நெடுக்கே கிழித்தார், நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார், கோணலாயிற்று.

"மாஸ்டர், கூழ் ஓடின திசையைத் தாள் மறப்பதில்லை. நார் அந்தப் பக்கமே படுத்திருக்கும்" என்றார்.

முப்பது ஆண்டுகள் வைக்கோல் வாசத்தில் வாழ்ந்தவர் அவர். அவரைப் படமெடுக்க நண்பர் கருவியை உயர்த்தினார். "என்னை எடுத்து என்ன பயன்? என் மகனுக்கு இந்த வேலை தெரியாது, அதை எழுதுங்கள்" என்றார். நண்பர் கருவியைத் தாழ்த்திக்கொண்டார். கட்டடம் சிதைந்தால் மீண்டும் கட்டலாம். கைத்திறன் ஒரு தலைமுறை விடுபட்டால் அதனை யாரிடம் கற்பது?

ஆலை தளர்ந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 1977 இன் திறந்த பொருளாதாரம் பிறநாட்டுத் தாளைத் தாராளமாகக் கொணர்ந்தது. 1983 இன் பின் தொடர்ந்த போர் கிழக்கின் தொழில்களை நிலைகுலைத்தது. ஆலையையே முற்றும் புகழ்தலும் நேர்மையன்று. வைக்கோலில் மணற்சத்து மிகுதி. ஆதலின், வேகவைத்தபின் எஞ்சும் கருநீரிலிருந்து எரிசோடாவை மீட்டெடுத்தல் கடினம். ஆலைக்கழிவு வாவியை மாசுபடுத்தியது. அவ்வழியே மீண்டும் செல்லவேண்டும் என்று யான் கூறவில்லை.

ஆயினும் 2022 பங்குனியை மறத்தல் இயலுமோ? வெளிநாட்டுச் செலாவணியின்றித் தாள் வாங்க வகையற்று, மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. படித்த மாணவரும் படிப்பித்த ஆசிரியரும் இருந்தனர். வினாவை அச்சிடத் தாள் இல்லை. நம் வயல்களிலோ அறுவடை இயந்திரம் வைக்கோலைச் சிதறிவிட்டுச் செல்கின்றது. அடுத்த போகத்துக்கு விரையும் உழவர் பலர் அதனைத் தீயிட்டுக் கொளுத்துகின்றனர். அப்புகையினூடே பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் பையில் இருப்பதோ கடல் கடந்து வந்த தாள்.

நம் கல்லூரியிற் பயின்று இரசாயனத்திலும் பொறியியலிலும் கணக்கியலிலும் வல்லுநராய் விளங்கும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருமுறை காகிதநகர் செல்லுங்கள். அத்தொழிலாளர் இருக்கும்போதே அவர்களுடன் அமர்ந்து பேசுங்கள். வைக்கோல் எவ்வளவு கிடைக்கும், கருநீரைத் தூய்மை செய்யும் வழி யாது, செலவு எவ்வளவு எனக் கேட்டெழுதுங்கள். அந்த ஆலையைப் படமெடுத்தோர் பலர். கணக்கெடுப்போரே இன்று வேண்டும்.