மூச்சளித்த கைகள்

சத்திரசிகிச்சை என்றதும் கத்தி பிடித்த கையையே நாம் எண்ணுகின்றோம். நோயாளியின் தலைமாட்டிலிருந்து மூச்சைக் காக்கும் மயக்கமருந்து வைத்தியரை எண்ணுவதில்லை. ஆசிரியத் தொழிலிலே நாம் அடிக்கடி எடுத்துரைக்கும் வரலாறொன்று அத்தகைய வைத்தியர் ஒருவரைப் பற்றியது.

1952-இல் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிற்று. பிளெக்டாம் வைத்தியசாலையில் இயந்திரச் சுவாசம் பெற்ற முதல் 31 பேருள் 27 பேர் மாண்டனர். அவ்வேளை மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன், சத்திரசிகிச்சைக் கூடத்து முறையை நோயாளர் விடுதிக்குக் கொணர்ந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டுவதே அது.

ஓயாது அமுக்க ஆள் வேண்டுமே! ஏறத்தாழ 1,500 மாணவர் முன்வந்தனர். முறைவைத்து இரவு பகலாய் உழைத்தனர். மரண விகிதம் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. 1953-இல் அந்நகரில் இப்சன் நிறுவிய தீவிர சிகிச்சைப் பிரிவே, பெருஞ் சத்திரசிகிச்சைக்குப் பின் நோயாளரைக் காக்கும் இன்றைய பிரிவுகளுக்கு முன்னோடி.

எம் மாணவர் இப்சன் பெயரை மனனஞ் செய்கின்றனர். பையை அமுக்கியோரின் பெயர்கள் நாம் கற்பிக்கும் நூல்களில் இல்லை. அவர்களின்றி அவ்வறிவு ஓருயிரையேனும் காத்திருக்குமா?

பாதுகாப்பான, தம்மாற் செலவிடத்தக்க சத்திரசிகிச்சையும் மயக்கமருந்தும் உலகில் 500 கோடி மக்களுக்கு எட்டவில்லை என 2015-இல் லான்செட் ஆணைக்குழு கணித்தது. வழி தெரிந்தும் மூச்சு மறுக்கப்படுகிறது. இக்கணக்கையும் நாம் வகுப்பறையிற் சொல்லியே ஆகவேண்டும்.