பெற்றவளை யார் விசாரித்தார்கள்?

என் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் தலைப்பிரசவம் ஆனபோது, பாளையங்கோட்டையிலிருந்து சௌபாக்கிய சுண்டி லேகியம், பூண்டு, கருப்பட்டி என்று ஒரு பெட்டி நிறையச் சுமந்துகொண்டு போய் இறங்கினேன். மாப்பிள்ளைக்குக் கழக்கூட்டத்தில் கணினி வேலை. வாடகை வீடு. அக்கம்பக்கத்தில் சொந்தம் என்று எவரும் இல்லை.

அடுத்த வீட்டு மலையாள அம்மாள் என்னைச் "சேச்சி" என்று அழைத்து, பிரசவ ரட்சைக்குக் கைதேர்ந்த ஒருவரை ஏற்பாடு செய்து தந்தார். அவர் தினமும் வந்து தன்வந்திரம் குழம்பை உடம்பெங்கும் தேய்ப்பார். புளி இலை, பலா இலை, ஆமணக்கு இலை, நொச்சி இட்டுக் கொதித்த நீரை இளஞ்சூட்டில் ஊற்றிக் குளிப்பாட்டுவார். வேதுக்குளி என்கிறார்கள். வேது பிடித்தல் என்று நம் பாட்டிமாரும் சொன்ன அதே சொல்தான். சாலைக் கடைத்தெருவில் கேட்டால் மருந்துச் சரக்கு யாவும் கிடைக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் தவறு செய்தேன். வயிறு பெருத்துவிடும் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மருத்துவமனைச் செவிலியர் என்னைக் கடிந்துகொண்டார். பாலூட்டுகிறவள் தாகம் தீரக் குடிக்க வேண்டுமாம். இல்லாவிடில் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்து சேருமாம். மூன்று பிள்ளை பெற்ற எனக்கு அன்றுதான் தெரிந்தது! காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மிகுந்த உதிரப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்குதல், கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் கண்டால் லேகியத்தை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

உடம்பை இவ்வளவு பார்த்த நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அழுதாள். அது பல தாய்மாருக்கும் வருவது. இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கிவிடும். இவளுக்கோ நான்காம் வாரத்திலும் அடங்கவில்லை. குழந்தை உறங்கும்போதும் இவள் விழித்திருந்தாள். "கர்த்தர் தந்த ஈவைக் கையில் வைத்துக்கொண்டு அழலாமா? ஜெபம் பண்ணு மகளே" என்றேன். பார்க்க வந்த சகோதரி ஒருத்தி, விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் மகள் எங்கள்முன் அழுவதை நிறுத்திக்கொண்டாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

இருபத்தெட்டாம் நாள் ஆஷா பணியாளர் வந்தார். குழந்தை பிறந்த 42 நாட்களுக்குள் ஆறுமுறை அவர்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். குழந்தையை எடைபோட்டபின் என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். அரைமணி நேரம் சென்று கதவைத் திறந்தார். தான் இல்லாமற்போனால் எல்லாருக்கும் நிம்மதி என்று என் மகள் பல நாட்களாய் எண்ணியிருந்தாளாம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

மனநல மருத்துவர் பத்துக் கேள்விகள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார். 1987இல் எடின்பரோவில் உருவான கேள்விகள் அவை. இது வியாதி, பாவமும் அல்ல, பலவீனமும் அல்ல என்றார். இந்தியத் தாய்மாரில் ஏறக்குறைய 22 சதவீதத்தினருக்கு இது வருகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வந்த ஆய்வு கூறுவதைப் பின்னர் அறிந்தேன். அப்படியானால் நம் சபைகளிலும் எத்தனை பேரோ!

பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கத்தக்க மாத்திரையையும், வாரம் ஒருமுறை ஆலோசனையையும் எழுதித் தந்த மருத்துவர், மாப்பிள்ளைக்கும் ஒரு மருந்து சொன்னார். இரவில் பால் குடித்த குழந்தையை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இவள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரமாவது உறங்க வேண்டும். காதில் குரல்கள் கேட்பது, தாறுமாறாய்ப் பேசுவது போன்றவை தோன்றினால் அன்றே கொண்டுவரச் சொன்னார். நடு இரவில் திகைத்து நிற்பவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் உண்டு, தமிழிலும் பேசலாம். நாங்கள் ஜெபித்தோம், மாத்திரையும் கொடுத்தோம். தேற மூன்று மாதங்களுக்குமேல் ஆயிற்று.

சென்ற மாதம் சபையில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணைக் காணப் போயிருந்தோம். நாங்கள் எல்லாரும் தொட்டிலைச் சூழ்ந்துகொண்டோம். என் மகள் மட்டும் கட்டிலண்டை போய் உட்கார்ந்து, "நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டாள்.