கசப்பு வடிந்த உப்பு

கடல்நீரை அடிவரை வற்றவிட்டால் எஞ்சுவது சமையலுக்கு ஆகும் உப்பு அன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் சோடியம் குளோரைடு என்னும் கறியுப்பு முக்கால் பங்குக்குச் சற்றே மிகுதி, ஏனையவை பெரும்பாலும் மக்னீசிய, கால்சிய உப்புகள். ஒன்றாய்க் கலந்து கிடக்கும் இவற்றை வெயிலையும் காற்றையும் மட்டுமே துணைகொண்டு பிரித்தெடுப்பதில்தான் உப்பளத் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது.

தூத்துக்குடி உப்பளங்களில் கடலிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ இறைத்த உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றிச் செறிவூட்டுகின்றனர். அச்செறிவைப் பாமே மானி எனப்படும் மிதவைக் கருவி டிகிரிக் கணக்கில் காட்டும். ஜிப்சம் முதலிலேயே படிந்துவிட, ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்குகையில் பாத்தியில் நிற்பது மக்னீசியம் மிகுந்த கசப்பு நீராதலால் அதனை வடித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்று விட்டுவைத்தால் உப்பின் எடை கூடும், ஆனால் அது கசக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து ஒழுகும். நல்ல உப்பு, நிறுத்தத் தெரிந்தவரின் கையில்தான் விளைகிறது.

சமையலறையிலும் இதே அறிவுதான் வேண்டியிருக்கிறது. பாகற்காயின் கசப்பைத் தணிப்பதும் உப்பே. நாரத்தங்காயிலும் மீனிலும் உள்ள நீரை வெளியே இழுத்து, அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுத்து, ஊறுகாயையும் கருவாட்டையும் மாதக்கணக்கில் காப்பதும் அதுவே. எனினும் ஒரு சிட்டிகை கூடினால் குழம்பு கரிக்கிறது, குறைந்தால் உப்புச்சப்பற்றுப் போகிறது. காதலரின் ஊடல் எவ்வளவு நீளலாம் என்று சொல்லவந்த வள்ளுவர் உப்பின் அளவை உவமையாக்கியது, அடுப்படியை அறிந்தவரின் தேர்வு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேவை சிறிதே ஆயினும் அதனை எவராலும் விலக்க இயலாது என்பதால்தான், ஆங்கிலேயர் விதித்த உப்பு வரி ஏழையின் தலையில் கூடுதலாக அழுத்தியது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் அதனால்தான்.

உப்பிட்டவரை உயிருள்ளவரை மறக்கலாகாது என்பது தமிழர் வழக்கு. அங்கே உப்பிட்டவர் என்பது சோறிட்டவரைக் குறிக்கும்; உப்பை வாரியவருக்கு அந்த நன்றியில் இடமில்லை. வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டு ஊர்களுக்குச் சென்ற உமணர் என்னும் வணிகரைச் சங்கப் பாடல்கள் பரிவோடு பதிவு செய்திருக்க, இன்றைய அளத் தொழிலாளர் பெரும்பாலும் பேச்சுக்கே வருவதில்லை. வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் அவர்தம் கண்ணை வருத்துகிறது. உவர்நீரில் ஊறிய காலில் ஏற்படும் சிறு கீறலும் எளிதில் ஆறுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கி, வேலையும் கூலியும் நின்றுவிடுகின்றன. மழை ஓய்ந்தபின் சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்கிப் பாத்தியைப் புதிதாய் அமைத்த பிறகே அடுத்த உப்பு விளையும்.