மடுவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

மடுவுக்குப் போகிற பஸ்ஸில் ஆளுக்கு முன்னால் சாமான் ஏறிவிடும். ஆகஸ்ட் மழையில் கொட்டகலை பஸாரில் நின்று பாருங்கள். டிரேட்டனிலிருந்தும் ஸ்டோனிகிளிஃபிலிருந்தும் ரொசிட்டாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, கரி ஏறிய பெரிய சட்டி, தறப்பாள், நைலோன் கயிறு, சுருட்டிய பாய். அந்த மூட்டைகளில் எது எதற்குள் இருக்கிறது என்று ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். தீப்பெட்டி எங்கே என்று கேட்டால் முழு பஸ்ஸும் அவரைத்தான் திரும்பிப் பார்க்கும். அவர் அந்த வீட்டு அம்மா.

இந்த வருஷம் எங்கள் கோயில் இளைஞர்கள், புறப்படுவதற்கு முன்னால் நாலு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டார்கள். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆளிடம் கேட்டால் நாலு வார்த்தையோடு நிற்காது. அதனால் எழுதியே கொடுக்கிறேன்.

மருதமடு மாதா கோயிலில் ஆகஸ்ட் 6ஆம் திகதி கொடி ஏறும், 15ஆம் திகதி திருநாள். மன்னார், நீர்கொழும்புப் பக்கத்தவர்கள் கொடியேற்றத்தோடேயே வந்து கூடாரம் போட்டு நவநாள் முழுக்க இருப்பார்கள். நமக்கு அது முடியாது. தோட்டத்தில் பேர் விழுந்தால்தான் காசு. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரைக்கும் இழுபட்டது உங்களுக்குத் தெரியும். அதனால் நம் ஆட்கள் 13ஆம் திகதி இரவு ஏறி, 14 முழுக்க மடுவில் இருந்து, ஒரு ராத்திரி காட்டுக்குள் படுத்து, திருநாள் பூசை கண்டு திரும்பிவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். மடுவில் 14ஆம் திகதி பின்னேரம் வேஸ்பர் ஆராதனை தொடங்கும்போது நாங்கள் பிள்ளைகளும் அப்பாவும் குளித்து, உடுத்தி, கோயில் முற்றத்துக்குப் போய்விடுவோம். அம்மா கூடாரத்துக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி வைத்து ஊதிக்கொண்டிருப்பார். ஒருமுறை பாய் எடுக்கத் திரும்பி ஓடிவந்தபோது பார்த்தேன். ஒலிபெருக்கியில் நற்கருணை ஆசீருக்கு மணி கேட்டது. அம்மா அகப்பையைச் சட்டிக்குக் குறுக்கே வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அடுப்புக்கு முன்னாலேயே முழங்காலில் நின்று கோயில் பக்கம் திரும்பினார். புகையில் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. மணி நின்றதும் எழும்பி, ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி காணாது, ஒரு வாளி கொண்டுவா" என்றார்.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த மனுஷி, வேஸ்பரை ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. லயத்துக் காம்பிராவில் இருந்த அடுப்பு அங்கே மரத்தடிக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "அம்மாமாருக்கு அதில் சந்தோஷம்தானே டீச்சர்?" சந்தோஷம்தான், யார் இல்லை என்றது? பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம் எந்தத் தாய்க்கும் உண்டு. ஆனால் வருஷம் பூராவும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோக் கணக்கு கேட்டுக்கொண்டே நிற்கிற ஒருவருக்கு, ஒரு பின்னேரமாவது யாருக்கும் கணக்குக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும். மாதா சந்நிதியைவிட அதற்கு நல்ல இடம் எது? உங்கள் அம்மா கேட்கமாட்டார். கேட்டுப் பழக்கமில்லை.

வீட்டில் இதெல்லாம் கண்ணில் படாது. குசினி ஒரு பக்கம், நீங்கள் போனோடு ஒரு பக்கம். கூடாரத்தில் ஒளிய இடமில்லை. யார் தண்ணிக்குப் போகிறார், யார் பாயில் புரள்கிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்பது அடுத்த கூடாரத்துக்காரருக்கும் தெரியும். என் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில், பையனை ஒரு தரம் மடுவுக்கு அனுப்பிப் பார்த்தால் போதும் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. அது முழுக்கப் பகிடி இல்லை.

கூடாரம் போடும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். நல்ல நிழல் என்று காய்ந்த கிளைக்குக் கீழே இடம் பிடிக்கக் கூடாது. கயிற்றை ஆட்கள் நடக்கிற பாதைக்குக் குறுக்கே இழுக்காதீர்கள், ராத்திரியில் கிழவன் கிழவி தடுக்கி விழுவார்கள். நாலாயிரம் அடி உயரத்துக் குளிரில் வளர்ந்த குழந்தைகளுக்கு வன்னி வெயில் பொறுக்காது. தண்ணியைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணிக்கு வரிசை நீளமாக இருக்கும். அந்த வரிசையில் நிற்பது அம்மாவின் வேலை இல்லை, கை கால் சுகமாக இருக்கிற உங்கள் வேலை.

பக்கத்துக் கூடாரத்தையும் கவனியுங்கள். அங்கே இருப்பவர்கள் உங்கள் சொந்தமாகவே இருக்கலாம். 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலைநாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேச்சு மாறிவிட்டது. ஆனால் தாத்தா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று பஸ் ஏறிப் போகிற நமக்கும், மறுபக்கத்திலிருந்து வருகிற அவர்களுக்கும் சந்திக்க வசதியான இடம் மடுதான். கலியாணப் பேச்சுகூட அங்கே நடக்கும். இன்னொரு பக்கத்தில் நீர்கொழும்பு, சிலாபத்துச் சிங்களக் குடும்பம் இருக்கலாம். வன்னி ஆட்களுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறும், அந்தச் சிங்களக் குடும்பத்துக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கொழும்புக் கடைகளில் வேலை செய்து இரண்டும் பேசப் பழகிய நம் பையன்கள்தான் நடுவில் நின்று பேசிக்கொடுப்பார்கள். மலையகத்தான் என்று இளக்காரமாகப் பார்க்கிற ஊரில், அந்த ஒரு ராத்திரி அவனைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

நீங்கள் பாய் விரிக்கிற மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதாவின் சொரூபமே அங்கே ஓடிவந்த சொரூபம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து அதைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு நம் காலத்து யுத்தம். 1990இல் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் மடுவில் திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. நீங்கள் ஒரு ராத்திரி தறப்பாளுக்குக் கீழே படுத்து, நுளம்பு கடிக்கிறது என்று குறைசொல்கிற அதே மரத்தடிகளில் ஆயிரக்கணக்கான சனம் வருஷக்கணக்கில் இருந்தது. பிள்ளை பெற்றது, பள்ளிக்கூடம் நடத்தியது. 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கே எறிகணை விழுந்தது. கோயிலை நம்பித் தங்கியிருந்தவர்களில் பலர் கோயிலிலேயே செத்துப்போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சொரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில்தான் திரும்பிவந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்ற முற்றமும் இதுதான். அந்தப் படம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மற்றக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் குறைந்துவிட்டது.

யுத்தத்துக்கும் முன்னால் போனால் நம் கதை வரும். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தலைமன்னார், அரிப்புப் பக்கம் கரையேறி, இதே காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரம் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருஷமானதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். கால் கொப்பளித்துத்தான் போனார்கள், நம் பக்கத்துப் பெண்களும் அதில் நடந்தார்கள். மதவாச்சி தாண்டும்போது பஸ்ஸில் பாட்டைக் கொஞ்சம் குறைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஜன்னலால் அந்தக் காட்டைக் காட்டுங்கள். நம் முன்னோரின் அந்த நடையிலும் சட்டி சுமந்தவள், ராத்திரி தங்கிய இடத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டியவள் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பாள்.

சமையல் கஷ்டம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். திருநாளுக்கு முதல் நாள் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு போதும். சம்பலை வீட்டிலேயே இடித்துக்கொண்டு போகலாம். 14ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு அடுப்பை ஆண்பிள்ளைகள் பொறுப்பெடுங்கள். அப்பாமாரும்தான். உப்புக் குறைந்தால் சாப்பிடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அம்மா, அம்மாயி, அக்கா எல்லோரும் குளித்து, நல்ல சேலை உடுத்தி, ஒலிபெருக்கியில் கேட்பதோடு நிற்காமல் கோயில் முற்றத்தில் முன்னுக்குப் போய் உட்காரட்டும்.

பஸ்ஸுக்குப் பேர் பதிகிற கொப்பியிலேயே சமையலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பத்துப் பேரும் பையன்களாக இருக்கட்டும்.